அசெம்பிளி அழைத்தால் பிரின்ட்எஃப் ஏன் விழுகிறது?

லினக்ஸில், 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியில், சி நிரல் அழைக்கும் ஓர் அசெம்பிளி ஃபங்ஷன் பிரின்ட்எஃப்பைக் கூப்பிட்டதும் எல்லாம் முறிந்து விழுகிறது. பழி உடனே நூலகத்தின் மேல் போகும். குற்றமோ பெரும்பாலும் அழைத்தவருடையது. சிஸ்டம் வி அழைப்பு மரபுப்படி, கால் கட்டளை இயங்கும் கணத்தில் ஸ்டாக் சுட்டி 16-ஆல் வகுபட வேண்டும். அந்தக் கட்டளையே 8 பைட் திரும்பு முகவரியை ஸ்டாக்கில் தள்ளுவதால், நம் ஃபங்ஷன் தொடங்கும்போதே சுட்டி 8 பைட் விலகித்தான் நிற்கிறது. அதைச் சரிக்கட்டாமல் அடுத்த அழைப்புக்குப் போனால், உள்ளே மூவாப்ஸ் போன்ற கட்டளை 16-இன் மடங்கல்லாத முகவரியைத் தொடும்போது செயலி மறுத்துவிடுகிறது. நம் கண்ணில் படுவது செக்மென்டேஷன் ஃபால்ட் மட்டுமே.

இச்செயலிகள் எந்த முகவரியையும் ஏற்குமே, நேற்றுவரை ஓடியதே என்று கேட்கலாம். சாதாரண மூவ் ஏற்கும், மூவாப்ஸ் ஏற்காது. எதை இடுவது என்பது கம்பைலரின் முடிவு. ஆகவே நேற்று ஓடியது எதற்கும் சான்றல்ல (மிகவும் ஏமாற்றும் சான்று அதுதான்). ஜிடிபியில் கால் கட்டளையருகே நிறுத்தி, ஸ்டாக் சுட்டியின் கடைசிப் பதினாறடிமான இலக்கத்தைப் பாருங்கள். 8 என்றால் முன்னதாக இன்னொரு 8 பைட் ஒதுக்கினால் போதும். 0 இருந்தும், சி பகுதிக்குத் திரும்பிய பிறகு விழுந்தால், ஆர்பிஎக்ஸ், ஆர்12 போன்ற காக்கவேண்டிய ரெஜிஸ்டர்களை அழித்தோமா என்று தேட வேண்டும்.