சர்க்கரை சேராத சாக்கலேட் கஞ்சி

காலை வேளையில் பிள்ளைகளுக்கு இனிப்பான பொட்டல உணவைப் பாலில் கலந்து கொடுத்துவிட்டு, நீரிழிவு நோயுள்ள பாட்டனாருக்கு வேறு பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சும் இல்லங்கள் நம்மிடையே பல உண்டு. நம் நாட்டில் சுமார் 10 கோடி மக்களுக்கு நீரிழிவு உண்டென 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கணக்கிட்டது. பாட்டனாருக்கு விலக்கப்பட்ட சர்க்கரையைப் பேரப்பிள்ளைக்கு நாமே நாள்தோறும் பழக்கலாமா? எல்லாரும் ஒரே பாத்திரத்திலிருந்து உண்ணக்கூடிய சிற்றுண்டி ஒன்றை ஈண்டுக் காண்போம்.

நாம் சேர்க்கும் சர்க்கரை, நாளொன்றுக்குப் பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், இயன்றால் 5 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருத்தல் நலம் என உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. வளர்ந்தோருக்கு இந்த 5 விழுக்காடு என்பது சுமார் 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டி. தேனும் வெல்லமும் இக்கணக்கில் அடங்கும் என்பதை மறத்தலாகாது.

ஓட்ஸ் கஞ்சியின் வழவழப்புக்குக் காரணம் பீட்டா குளுக்கான் என்னும் நார்ச்சத்து. அது இரத்தத்தில் சர்க்கரை விரைந்து ஏறுவதைத் தடுக்கும். நாள்தோறும் 3 கிராம் உட்கொண்டால் கொழுப்பையும் குறைக்கும். நொடியில் வேகும் மெல்லிய வகையைவிடத் தடித்த அவலாக உள்ள ஓட்ஸே சிறந்தது.

கொக்கோ வாங்குகையில் விழிப்பு வேண்டும். பானம் கலக்க விற்கப்படும் சாக்கலேட் பொடிகளில் பெரும்பாலும் சர்க்கரையே மிகுதி. பொட்டலத்தின் மீது சேர்பொருள்கள் எடை மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அதில் கொக்கோ ஒன்றே காணப்படின் அதுவே நமக்கு உகந்தது.

தேவையானவை (நால்வருக்கு): ஓட்ஸ் 160 கிராம், பால் 2 தம்ளர், தண்ணீர் 2 தம்ளர், கொக்கோப் பொடி 6 தேக்கரண்டி, நன்கு கனிந்த வாழைப்பழம் 2, பேரீச்சம்பழம் 6, ஏலக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை: பேரீச்சம்பழத்தின் கொட்டையை நீக்கி, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து மசித்துக்கொள்க. கொக்கோவை நேரே கொட்டினால் கட்டி தட்டும்; ஆதலின் சிறிது வெதுவெதுப்பான பாலில் முதலில் குழைத்துக்கொள்க. தண்ணீர் கொதித்ததும் ஓட்ஸும் உப்பும் இட்டு, இளந்தீயில் 5 நிமிடம் கிளறுக. உப்பு கொக்கோவின் கசப்பைத் தணிக்கும். பின்னர் மீதிப் பாலையும் கொக்கோக் குழம்பையும் சேர்த்து, மேலும் 3 நிமிடம் காய்ச்சி இறக்குக. மசித்த பழங்களையும் பொடித்த ஏலத்தையும் இறுதியில் கலந்து பரிமாறுக.

சர்க்கரை சேர்க்கவில்லை என்பதால் இக்கஞ்சியில் இனிப்பே இல்லை எனக் கருதிவிடலாகாது. பேரீச்சம்பழத்தின் எடையில் பெரும்பகுதி இயற்கைச் சர்க்கரையே. எனவே நீரிழிவு உடையோருக்குப் பழம் கலக்குமுன் தனியே எடுத்து, வாழைப்பழத்தில் இரண்டொரு துண்டுகள் மட்டும் சேர்த்துக் கொடுக்கலாம். அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

பிள்ளைகள் முதல் நாள் முகம் சுளிக்கக்கூடும். அதற்காகச் சர்க்கரைப் புட்டியைத் தேட வேண்டுவதில்லை. தொடக்கத்தில் பேரீச்சம்பழத்தைச் சற்றுக் கூட்டி, வாரந்தோறும் ஒவ்வொன்றாகக் குறைத்து வந்தால் நாக்கு தானே பழகிவிடும். பெற்றோரும் அதே கஞ்சியை உடனமர்ந்து உண்பார்களாயின், பிள்ளைகளுக்கு அறிவுரை கூறும் வேலையும் நமக்குக் குறையும்.