மலையில்லா நாட்டாருக்கு ஒரு மலை

தஞ்சைத் தரணியில் நீரும் நெல்லும் உண்டு. மலை மட்டும் கிடையாது. கல்லணைக்குக் கிழக்கே கடற்கரை வரையிலும் நிலம் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரிய கோயிலுக்குக் கூடக் கருங்கல் வெளியிலிருந்தே கொண்டுவரப்பட்டது. வரப்பின் மேல் நின்று வயலைப் பார்ப்பதே நம் உழவருக்கு வாய்த்த உயரம். தம் ஊரையும் தம் ஆற்றையும் மேலிருந்து ஒரு முறையேனும் நோக்கியவர் நம்மில் எத்தனை பேர்?

நம் குடும்பங்கள் பயணம் செய்யாமல் இல்லை. வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை செலுத்தப் போகிறோம். பூண்டி மாதாவின் திருத்தலத்துக்குப் போகிறோம். திருமணத்துக்கும் துக்கத்துக்கும் மருத்துவமனைக்கும் போகிறோம். ஆனால் எந்த அலுவலும் இன்றி, கணவனும் மனைவியுமாக, ஒரு நாள் முழுவதையும் தங்களுக்கென்றே வைத்துக்கொண்டு வெளியே சென்றதுண்டா என்று கேட்டால், பல இல்லங்களில் புன்னகையே பதிலாகக் கிடைக்கும்.

அவ்வாறு சென்று வந்த ஒரு தம்பதியரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். ஒரத்தநாட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில் மூன்று ஏக்கர் நஞ்சை வைத்துப் பயிர் செய்பவர்கள். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மணமாகி இருபத்தெட்டு ஆண்டுகள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் வெளிநாட்டில் வேலையாயிருக்கிறார். “நிலத்தை விற்றுவிட்டு இருவரும் தஞ்சாவூரில் ஒரு வீடு பார்த்துக் குடியேறுங்கள்” என்று அவர் ஓராண்டாகத் தொலைபேசியில் வற்புறுத்தி வருகிறார். அதைப் பற்றிக் கணவனும் மனைவியும் ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை. அவருக்கு விற்க மனமில்லை. அம்மாவின் மனம் அவருக்குத் தெரியவில்லை. சம்பா நடவு முடிந்து முதல் களையும் எடுத்த பின் கிடைத்த இடைவெளியில், ஐப்பசி மழைக்கு முன்பாக, திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையைப் பார்த்துவரப் புறப்பட்டார்கள்.

தஞ்சையிலிருந்து விடியற்காலை இரயிலில் ஏறினால், பாறை சூடேறுவதற்கு முன் மலையடிவாரத்தை அடைந்துவிடலாம். மெயின்கார்டு கேட் வழியாக, தெப்பக்குளத்தைக் கடந்து, கடைகள் நெருங்கிய தெருவுக்குள் நுழைந்தால், வீடுகளுக்கு நடுவே திடீரென எழுந்து நிற்கிறது அந்தப் பாறை. உயரம் சுமார் 83 மீட்டர். உச்சி வரை நானூறுக்கும் மேற்பட்ட படிகள். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், இடையில் தாயுமானவர், முடிவில் உச்சிப் பிள்ளையார் என மூன்று நிலைகளில் கோயில்கள் அமைந்துள்ளன. நம் சகோதர சமயத்தார் வழிபடும் இடம் அது. காலணியைக் கீழே விட்டு, கோயிலின் ஒழுங்கை மதித்து, அமைதியாக ஏறுவதே முறை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாயுள்ள எதனையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்ததை இங்கு நினைவுகூரலாம்.

முதற்படியிலேயே ஒரு வேடிக்கை நேர்ந்தது. பழக்கத்தின்படி கணவர் முன்னே நடந்தார். மனைவி பின்னே வந்தார். வரப்பில் இருவர் இணையாக நடக்க இயலாதல்லவா? இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர்களுடைய நடை அப்படித்தான். “என்னங்க, இங்கே வரப்பு இல்லையே, படி அகலமாகத்தானே இருக்கிறது!” என்று அம்மா சிரித்தார். அதன் பின் இருவரும் சேர்ந்தே ஏறினார்கள். சேற்றில் நின்று நின்று தேய்ந்த முழங்கால் அம்மாவுக்கு. ஐம்பது படிக்கு ஒரு முறை உட்கார வேண்டியிருந்தது. மனைவி எவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்பதை அன்றுதான் அருகிலிருந்து பார்த்ததாக அவர் நம்மிடம் கூறினார்.

நடுநிலையில் உள்ள தாயுமானவர் கோயிலின் வரலாற்றை உடன் ஏறிவந்த மூதாட்டி ஒருவர் சொன்னார். பேறுகால வேதனையில் இருந்த மகளுக்குத் துணையாக வரவேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையில் நின்றுவிட்டாளாம். இறைவனே தாயின் உருவில் வந்து பேறு பார்த்தாராம். ஆற்றின் இரு கரையிலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் நாட்டில், இது எந்தப் பெண்ணுக்கும் புரியும் கதை.

இன்னும் மேலே, முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. சடையில் கங்கையைத் தாங்கும் சிவனின் சிற்பமும், அரசனின் வடமொழிக் கல்வெட்டும் அதில் உள்ளன. ஆறுகளை விரும்பும் சிவன் காவிரியின் அழகில் மயங்கிவிடுவாரோ என்று அஞ்சி, மலைமகள் தன் தந்தையின் வீட்டை விட்டு வந்து இம்மலையிலேயே தங்கிவிட்டாள் என்பது அக்கல்வெட்டு கூறும் செய்திகளுள் ஒன்று. கணவர் இதை விளக்கியபோது, “அந்த அம்மாளும் பிறந்த வீட்டை விட்டு வந்தவள்தானா?” என்று மட்டும் மனைவி கேட்டார்.

உச்சியை அடைந்தபோது காற்று ஆளைத் தள்ளியது. வடக்கே காவிரி, அதற்கப்பால் தென்னஞ்சோலைகளுக்கிடையே திருவரங்கம், 1987இல் நிறைவெய்திய அதன் 236 அடி இராசகோபுரம், அதற்கும் அப்பால் வெண்மணற் கோடாகக் கொள்ளிடம். மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முக்கொம்பில் ஒரே ஆறு இரண்டாகப் பிரிகிறது. வெள்ளத்தின் பெரும்பகுதியைக் கொள்ளிடம் ஏற்றுக் கடலுக்குக் கொண்டு செல்வதால்தான் பாசன ஆறான காவிரி காக்கப்படுகிறது. அங்கே 1830களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டுவித்தார். 2018 ஆகஸ்டில் அதன் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டதை நம் உழவர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின் புதிய கதவணை எழுப்பப்பட்டது. வாய்க்காலில் வரும் நீரை மட்டுமே அறிந்த அவ்விருவருக்கும், அந்நீர் வரும் வழி அன்று கண்ணெதிரே விரிந்தது.

காலடியில், தெப்பக்குளத்தை அடுத்து, லூர்து அன்னை ஆலயத்தின் கூரிய கோபுரம் தெரிந்தது. அதன் அருகே தூய வளனார் கல்லூரி. இயேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கல்லூரி அது. 1883இல் திருச்சிக்கு மாற்றப்பட்டது. தெற்கே பொன்மலை. நாகையில் இருந்த இரயில்வே பணிமனை 1928இல் அங்கே இடம் பெயர்ந்தது. “எல்லாம் நம் பக்கத்திலிருந்து இங்கே வந்தவைதான். நாமும் பட்டணத்துக்குப் போக வேண்டியதுதானோ?” என்று கணவர் கேட்டார். ஓராண்டாகப் பேசாத பேச்சு அவ்வாறு தொடங்கியது.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. வடகிழக்கே கைகாட்டி, “அதோ, அந்தப் பச்சைக்கு அந்தண்டைதான் இலால்குடி, எங்கள் ஊர்” என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: “அதை விட்டு வந்து உங்கள் ஊரை என் ஊராக்கிக்கொண்டேன். இன்னொரு முறை ஊர் மாற எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் இந்தக் காலோடு இனிச் சேற்றில் இறங்கவும் முடியாதுங்க.”

விற்கவும் வேண்டாம், முன்போல் உழைக்கவும் இயலாது. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லிவிட்டார். அவருடைய பாதி மனத்தையே இதுநாள்வரை தாம் ஊகித்திருந்ததைக் கணவர் உணர்ந்தார். அந்தப் பாறையின் மேலேயே கணக்குப் போட்டார்கள். இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விடுவது. வீட்டை ஒட்டிய ஓர் ஏக்கரை மட்டும் ஆள் வைத்துச் செய்வது. அம்மா இனி நடவுக்கும் களைக்கும் இறங்குவதில்லை. முழங்காலுக்கு இம்மாதமே மருத்துவரைப் பார்ப்பது. வருமானம் குறையும், அதையும் பேசினார்கள்.

வெயில் ஏறுமுன் இறங்கினார்கள். லூர்து அன்னை ஆலயத்தில் மூவேளைச் செபம் சொல்லி, உணவருந்தி, கல்லணை வழியாகத் திரும்பினார்கள். கரிகாற் சோழன் பெயரோடு வழங்கும் அந்த அணையில் காவிரியும் வெண்ணாறும் கிழக்கு நோக்கிப் பிரிகின்றன. மேட்டூர் அணை திறக்கப்பட்ட 1934ஆம் ஆண்டில் செயற்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாயும் அங்கிருந்தே தொடங்குகிறது. நம்மவர் அதைப் புது ஆறு என்பர். தங்கள் வயலுக்கு வரும் நீர் அதுவே என்பதால், இருவரும் அங்கே நெடுநேரம் நின்றார்களாம்.

மகனுக்கு இந்த முடிவு இன்னும் முழுத் திருப்தி தரவில்லை. “இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறீர்கள், அதனால் கேட்டுக்கொள்கிறேன்” என்றாராம்.

அன்பார்ந்த வாசகர்களே! ஒரே கூரையின் கீழ் வாழ்வோர் ஒருவரையொருவர் முற்றும் அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். அடுப்படியிலும் களத்திலும் பேசப்படுவன அன்றாடத் தேவைகளே. பெரிய பேச்சுக்கு அங்கே நேரமும் தனிமையும் இல்லை. அலுத்துத் திரும்பிய சீடர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுக்குமாறு ஆண்டவர் அழைத்ததை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். இல்லறத்தாருக்கும் அவ்வழைப்புப் பொருந்தும்.

செலவு பெரிதன்று. இரயில் கட்டணமும், கட்டுச்சோறும், ஒரு நாள் ஓய்வும் போதும். மாட்டுக்குத் தீனி வைக்க அண்டை வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். பிள்ளைகளை அன்று அழைத்துச் செல்ல வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் முடிந்த படி வரை ஏறினால் போதும். ஏறும்போது மட்டும், வேகமாக நடப்பவர் மெதுவாக நடப்பவரின் பக்கத்தில் நடக்கட்டும்.