குழாய் ஓர்கனுக்குக் காற்றூட்டும் முறை

தேவாலயங்களில் ஒலிக்கும் குழாய் ஓர்கனை நேயர்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். அக்கருவியைச் சிறிய அளவிலே தம் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆர்வலர் இங்கிலாந்து, ஜேர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகின்றனர். இத்தகையோருக்கென்றே மார்க் விக்ஸ் என்பவர் 1887ஆம் ஆண்டிலே இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். அந்நாளில் ஒருவர் வாசிக்க, மற்றொருவர் துருத்தியை இயக்குதல் வழக்கம். இந்நாளிலே துருத்தியாளின் இடத்தை மின்மோட்டார் ஏற்றுக்கொண்டது.

மரத்தைச் சீவிக் குழல்களை ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க ஆண்டுகள் சிலவும் ஆகலாம். அவ்வுழைப்பு முழுவதும் பயன்தருவது காற்றைப் பொறுத்தது. காற்று இரைச்சலோடு வந்தால் மெல்லிய குழலோசை அவ்விரைச்சலில் அமிழ்ந்துவிடும். நடுங்கி வந்தால் சுருதியும் நடுங்கும். ஆதலால், புளோவர் எனப்படும் காற்றூதியை எவ்வாறு தெரிதல் வேண்டும், எவ்வாறு செய்துகொள்ளல் வேண்டும் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் அறிய வேண்டியது அமுக்கம். ‘ப’ என்னும் எழுத்தைப் போல வளைந்த கண்ணாடிக் குழாயிலே பாதியளவு நீர் விட்டு, ஒரு முனையைக் காற்றுப் பெட்டியோடு இணைத்தால், ஒரு பக்கத்து நீர் தாழ, மறு பக்கத்து நீர் உயரும். இரு மட்டங்களுக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடே காற்றின் அமுக்கமாகும். வீட்டு ஓர்கனுக்கு 50 முதல் 75 மில்லிமீற்றர் வரையான நீர்மட்ட வேறுபாடு போதுமானது. நாம் வாயால் ஊதியே இதனைவிடப் பன்மடங்கு அமுக்கத்தை உண்டாக்கலாம். ஆகவே ஓர்கனுக்கு வேண்டுவது மென்மையான காற்று. ஆனால் அது நிறைய வேண்டும்.

எவ்வளவு நிறைய என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 75 மில்லிமீற்றர் அமுக்கத்திலே காற்று ஒரு துளைவழியாக வெளியேறும் வேகம் செக்கனுக்கு 35 மீற்றர் அளவாகும். குழலின் அடித்துளை 6 மில்லிமீற்றர் விட்டமுடையதாயின், அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 லீற்றர் காற்றைக் கொள்ளும். பத்து விரல்களாலும் வாசிக்கையில், ஒவ்வொரு விரலுக்கும் இரு குழல்கள் ஒலிப்பின், 800 லீற்றர் வேண்டும். கசிவுக்காக அதிற் பாதியைக் கூட்டினால் 1,200 லீற்றர் ஆகும். பெரிய தாழ்சுருதிக் குழல்கள் இருப்பின் அவற்றுக்கும் சேர்த்துக் கணக்கிடுக. இவ்வளவு காற்றையும் இவ்வமுக்கத்தில் தள்ளுவதற்கு, இழப்புகளை நீக்கிப் பார்த்தால், 15 வாற்று வலுவே தேவை. இழப்புகளைச் சேர்த்தாலும் 100 வாற்று மோட்டார் ஒன்று போதும்.

வீட்டிலுள்ள தூசுறிஞ்சும் இயந்திரத்தைத் திருப்பிவைத்துக் காற்றுப் பெறலாமே என்று பலர் எண்ணுவர். அது பொருத்தமன்று. அதன் மோட்டார் நிமிடத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் சுழன்று, நமக்கு வேண்டியதிலும் மிகையான அமுக்கத்தைத் தருகின்றது. அதன் ஓலத்தை அடக்குவது அரிது. மேலும், தன்னூடே செல்லும் காற்றினாலேயே குளிர்ச்சி பெறும் மோட்டாரில், குழல்கள் ஒலியாதிருக்கும் வேளையிலே காற்றுத் தடைப்பட, மோட்டார் சூடேறிக் கெடும்.

ஏற்றது மையநீக்க விசிறியாகும். நத்தையோட்டைப் போன்ற கூட்டினுள்ளே தகடுகள் பொருத்திய சில்லொன்று சுழன்று, நடுவிலே காற்றை இழுத்து ஓரத்திலே தள்ளும். வாயில் மூடியிருக்கும்போது இதன் மோட்டாருக்குச் சுமை குறையுமேயன்றிக் கூடாது. அமுக்கத்தைத் தீர்மானிப்பது சில்லின் விளிம்பு செல்லும் வேகமே. நிமிடத்துக்கு 2,800 தடவை சுழலும் சாதாரண மோட்டாரிலே, நேர்த்தகடுகள் கொண்ட 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு, 90 முதல் 100 மில்லிமீற்றர் வரை அமுக்கம் தரும். சுழற்சி பாதியானால் அமுக்கம் காற்பங்காகும். அதனை ஈடுசெய்ய விட்டத்தை இரட்டிக்க வேண்டும். மெதுவாகச் சுழலும் பெரிய சில்லு இடத்தை அடைப்பினும் பெரும்பாலும் அமைதி தரும். சில்லின் அகலம் 3 அல்லது 4 சென்ரிமீற்றர் போதும்.

தாமே சில்லு செய்வோர் அதன் அச்சைக் கிடையான இரு கத்தி விளிம்புகளின்மேல் வைத்துப் பார்க்க. பாரமான பக்கம் கீழே உருளும். அப்பக்கத்தைச் சிறிது சீவிச் சமன் செய்க. சமனற்ற சில்லு அதிர்ந்து உடையவுங் கூடும். எனவே கூடு உறுதியானதாக இருத்தல் வேண்டும். மின்னிணைப்பையும் புவித்தொடுப்பையும் பயின்றவரே செய்தல் வேண்டும்.

இனி, காற்றின் நடுக்கத்தை நீக்குவது எப்படி? அது காற்றூதியின் வேலையன்று; இடையிலே அமையும் தேக்கத் துருத்தியின் வேலை. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் தெசிபியஸ் அமைத்த நீர் ஓர்கனில், நீரின் பாரமே காற்றைச் சீராக்கிற்று. இன்று துருத்தியின் மேற்பலகையிலே பாரம் வைக்கிறோம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு கிலோகிராம் பாரம் ஒரு மில்லிமீற்றர் அமுக்கத்தைத் தரும். 60 சென்ரிமீற்றர் நீளமும் 50 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பலகைக்கு, 75 மில்லிமீற்றர் அமுக்கம் பெற, பலகையின் எடையும் உட்பட 22½ கிலோகிராம் வேண்டும். பலகை உயரும்போது உள்வரு வாயில் தானே மூடவும், தாழும்போது திறக்கவும் கயிற்றினாலோ நெம்புகோலினாலோ இணைத்துவிட்டால், எத்தனை குழல்கள் ஒலிப்பினும் அமுக்கம் மாறாது.

காற்றுச் செல்லும் குழாயைக் குறுக்குவது பெருந்தவறு. மேற்சொன்ன 1,200 லீற்றரும் 4 சென்ரிமீற்றர் குழாயிற் செல்லுமாயின், 15 மில்லிமீற்றர் அமுக்கம் அவ்வேகத்துக்கே செலவாகும். 10 சென்ரிமீற்றர் குழாயில் அரை மில்லிமீற்றரும் ஆகாது. காற்றூதியைத் தடித்த பலகைப் பெட்டியிலே றப்பர்க் கட்டைகளின்மேல் நிறுத்தி, உட்புறத்தே கம்பளி ஒட்டி, காற்று நுழையும் வழியை அகலமாகவும் வளைவாகவும் அமைத்தால் இரைச்சல் பெரிதும் அடங்கும். குழாயின் ஒரு துண்டு தோலாகவோ துணியாகவோ இருப்பின் அதிர்வும் தொடராது. ஓர்கன் நிற்கும் அறையின் காற்றையே இழுக்கச் செய்க. வெப்பநிலை ஒரு பாகை கூடினால், நூறில் ஒரு பங்கு அரைச்சுருதியை மூன்று முறை கூட்டிய அளவிற் குழலின் சுருதி உயரும் என்பதே இதற்குக் காரணம்.

எல்லாம் பொருத்திய பின்னர் ‘ப’ வடிவக் குழாயை மீண்டும் இணைத்து, முதலில் ஒரு கட்டையையும் பின்னர் இரு கைகளாலும் பல கட்டைகளையும் அழுத்துக. நீர்மட்டம் ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் அசையாதாயின் காற்றூட்டல் நன்கு அமைந்ததெனக் கொள்ளலாம். மிகுதியாகத் தாழுமாயின், புதிய மோட்டாரைத் தேடுமுன் கசிவையும், குழாயின் அகலத்தையும், உள்வரு வாயிலையும் முறையே சோதித்துப் பார்ப்பது நன்று.