புரதம் கூடினால் மட்டும் போதுமா?

காலை உணவாக ஓட்ஸ் கஞ்சி நம் நகரங்களில் பரவலாகிவிட்டது. 'புரதம் மிகுந்தது' என்று அச்சிடப்பட்ட உணவுப் பொட்டலங்களும் பெருகிவிட்டன. ஆனால், ஒரு தானியத்தில் புரதத்தைக் கூட்டுவது எளிதன்று. அதற்குப் பயிரும் உழவரும் ஒரு விலை கொடுத்தாக வேண்டும். அந்த விலை என்ன என்பதை ஓட்ஸ் பயிரை முன்வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

உமி நீக்கிய ஓட்ஸ் மணியில் பொதுவாக 12 முதல் 20 சதவீதம் வரை புரதம் உண்டு. அதன் தரமும் உயர்வானது. கோதுமையில் புரத அளவு கூடும்போது, அப்புரதத்தில் உடலுக்கு இன்றியமையாத லைசின் என்ற அமினோ அமிலத்தின் பங்கு குறைகிறது. ஓட்ஸ் புரதத்தில் பெரும்பகுதி குளோபுலின் வகையைச் சேர்ந்தது என்பதால், அளவு கூடினாலும் தரம் பெரிதாகக் குறைவதில்லை. பயிர் மேம்பாட்டு அறிஞர்களை இது ஈர்த்ததில் வியப்பில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. செடி தயாரிக்கும் ஒரு கிராம் குளுக்கோஸிலிருந்து சுமார் 0.8 கிராம் மாவுச்சத்து உருவாகும். புரதமோ சுமார் 0.4 கிராம்தான் உருவாகும். புரதம் சேர்க்க மண்ணிலிருந்து கூடுதல் தழைச்சத்தும் வேண்டும். அது கிடைக்காதபோது, செடி தன் இலைகளில் உள்ள தழைச்சத்தையே கதிருக்கு அனுப்புகிறது. இலைகள் விரைவில் முதிர்ந்து மஞ்சளாகின்றன. மணிகள் முழுமையாக நிரம்புவதில்லை. தானியப் பயிர்களில் புரத சதவீதம் கூடினால் மகசூல் குறையும் போக்கு காணப்படுவதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1896-இல் மக்காச்சோளத்தில் தொடங்கிய ஆய்வு இதற்குச் சான்று. புரதம் மிகுந்த கதிர்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில், ஏறத்தாழ 11 சதவீதமாக இருந்த புரதம் 25 சதவீதத்தையும் கடந்தது. ஆனால், அந்த வழித்தோன்றலின் மகசூல் உழவருக்குக் கட்டுப்படியாகாத அளவுக்குச் சரிந்தது.

எனவே, சதவீதத்தை மட்டும் பார்ப்பது பிழை. ஒரு ஹெக்டேரில் கிடைக்கும் மொத்தப் புரதத்தைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 13 சதவீதப் புரதமுள்ள ரகம் 4,000 கிலோ மணி தந்தால் கிடைக்கும் புரதம் 520 கிலோ. 17 சதவீதமுள்ள ரகம் 3,000 கிலோ மட்டுமே தந்தால் 510 கிலோ. சதவீதத்தில் வென்ற ரகம் வயலில் தோற்றுவிடுகிறது.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஃபிரே தலைமையில் நடந்த ஓட்ஸ் ஆய்வுகள் மகசூல், புரதம் இரண்டிலும் கவனம் செலுத்தின. மத்திய தரைக்கடல் பகுதியில் இயற்கையாக வளரும் 'அவேனா ஸ்டெரிலிஸ்' என்ற காட்டு ஓட்ஸ் இதற்குக் கைகொடுத்தது. அதன் சில வகைகளில் புரதம் 20 சதவீதத்துக்கும் அதிகம். பயிரிடப்படும் ஓட்ஸுடன் அது எளிதில் கலப்புறும். ஆயினும், மணி உதிர்தல் போன்ற காட்டுப் பண்புகளும் கூடவே வந்துசேரும். அவற்றைக் களைய, பயிர் ரகத்துடன் மீண்டும் மீண்டும் கலந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

மொத்தப் புரதத்தை இலக்காகக் கொண்டாலும் விழிப்பு தேவை. செடியின் வளர்ச்சி பெருகி உயரம் கூடினால், காற்றிலும் மழையிலும் பயிர் சாயும். முதிர்ச்சி தாமதமானால், குளிர்ச்சியை விரும்பும் ஓட்ஸ் கோடை வெப்பத்தில் சிக்கும். ஆகவே உயரம், தண்டின் உறுதி, பூக்கும் காலம் ஆகியவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. கட்டாக்கில் உள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'சி.ஆர். தான் 310' என்ற நெல் ரகத்தின் அரிசியில் 10.3 சதவீதப் புரதம் உள்ளது. வழக்கமான ரகங்களில் இது 7 முதல் 8 சதவீதம்தான். இத்தகைய ரகங்கள் பரவ வேண்டுமானால், அவற்றின் மகசூல் பிற ரகங்களுக்கு ஈடாக இருக்க வேண்டும்; இல்லையேல் கூடுதல் புரதத்துக்குக் கூடுதல் விலை கிடைக்க வேண்டும்.

எடைக்கு மட்டுமே விலை கொடுக்கும் சந்தையில், சத்துக்காக மகசூலை இழக்குமாறு உழவரிடம் கேட்பது நியாயமாகாது. உண்பவரின் நலனுக்கான செலவை விளைவிப்பவர் மீது மட்டும் சுமத்தாத கொள்முதல் கொள்கையே இன்றைய தேவை.