உஷார்! உங்களுக்கு விசா வந்துவிட்டது, நாய்க்கு?

அடுத்த மாதம் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலையில் சேர வேண்டும். வீட்டில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. நமக்கு டிக்கெட் போடும்போது அதற்கும் சேர்த்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறீர்களா? அந்த டிக்கெட்டைப் போடாதீர்கள். நாயை இங்கே ஏற்றவே மறுக்கலாம். எப்படியோ ஏற்றிவிட்டாலும் அங்கே உள்ளே விடமாட்டார்கள். இந்தியாவிலிருந்து ஒரு நாயோ பூனையோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சட்டப்படி நுழைய, எதையுமே தொடங்காத நிலையிலிருந்து கணக்குப் போட்டால், குறைந்தது நான்கு மாதம் வேண்டும். பணத்தை அள்ளிக் கொடுத்தாலும், எவ்வளவு பெரிய ஆளைப் பிடித்தாலும், இந்த நான்கு மாதத்தில் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது.

கம்பெனிகளோ மூன்று வாரம், ஆறு வாரம் என்றுதான் அவகாசம் கொடுக்கின்றன. அதற்குள் மனிதர்களின் விசா வந்துவிடுகிறது. நாயின் தாள்கள் வருவதில்லை. “யாராவது நல்ல குடும்பம் இருந்தால் சொல்லுங்கள், வெளிநாடு போகிறோம், நாயை இலவசமாகவே தருகிறோம்” என்று வாட்ஸ்அப் குழுக்களில் வருகிறதே, அதில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு தெரியாமல் போனதுதான். குட்டி என்றால் நாலு பேர் கேட்பார்கள். எட்டு வருஷம் ஒரே வீட்டில் ஒரே ஆளின் காலடியில் படுத்துத் தூங்கிய நாயை எடுத்துக்கொள்ள யார் வருவார்கள்? அந்த நாய்தான் பாவம்.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் ரேபிஸ். உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் சுமார் 36 சதவீதம் பேர் இந்தியாவில்தான் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய் வழியாகப் பரவும் ரேபிஸை ஒழித்துவிட்ட நாடுகள், இங்கிருந்து போகும் ஒவ்வொரு நாயையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தக் கிருமி உடலுக்குள் போன பிறகு எந்த அறிகுறியும் காட்டாமல் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். காத்திருப்புக் காலம் நீளமாக இருப்பது அதனால்தான். எங்கள் நாய் வாசல் படியைத் தாண்டியதே இல்லை என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் அதிகாரிக்கு அது ஆதாரம் ஆகாது. சிப், தேதி, ரத்தப் பரிசோதனை இந்த மூன்றும்தான் அவருக்கு ஆதாரம்.

முதலில் சிப். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்தும் மைக்ரோசிப். ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண் உள்ளதாக இருக்க வேண்டும். சிப் போட்ட பிறகுதான், அல்லது அதே நாளில் சிப்பைப் போட்டுவிட்டுத்தான், ரேபிஸ் ஊசி. இந்த வரிசை மாறினால் எல்லாம் போச்சு! சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி, ஐரோப்பா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றின் விதிப்படியும் போடாத ஊசிக்குச் சமம். அந்த ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று நிரூபிக்க வழியில்லை என்பதே அவர்கள் வாதம். நம் ஊரில் நடப்பது நேர்மாறு. குட்டியாக இருக்கும்போதே டாக்டர் ரேபிஸ் ஊசி போட்டுவிடுவார், வருஷா வருஷம் தவறாமல் தொடரும், மஞ்சள் புத்தகம் நிறைய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வெளிநாடு போகும்போதுதான் சிப் ஞாபகம் வரும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் ஆறு வருஷ ஊசிப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தது. சிப் மட்டும் கடைசியாகப் போட்டது. அத்தனை ஊசியும் கணக்கில் வராமல் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அடுத்தது டைட்டர் டெஸ்ட். ரேபிஸ் ஊசி நாயின் உடலில் போதிய எதிர்ப்புப் பொருளை உண்டாக்கியிருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை இது. ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 ஐ.யு. வர வேண்டும். ஊசி போட்டு 30 நாளாவது ஆன பிறகே ரத்தம் எடுக்கலாம். அந்தந்த நாடு அங்கீகரித்த ஆய்வகத்தில்தான் சோதிக்க வேண்டும். தெருமுனை லேபில் பார்த்த முடிவு செல்லாது. ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் நாய் உள்ளே போகலாம்.

நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். ஜூன் 1 அன்று சிப்பும் ஊசியும். ஜூலை 1 அன்று ரத்தம். அக்டோபர் 1 அன்றுதான் கதவு திறக்கிறது. ரத்தம் 29ஆம் நாளில் எடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பரிசோதனை வீண். குட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 12 வாரம் ஆவதற்கு முன் போட்ட ரேபிஸ் ஊசி செல்லாது என்பதால், ஏறத்தாழ ஏழு மாதம் ஆகாத குட்டி இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகவே முடியாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நல்ல விஷயம் உண்டு. டைட்டர் ஒரு முறை தேறிவிட்டால், அதன் பிறகு ஊசியைக் காலாவதியாக விடாமல் தொடர்ந்து போட்டு வந்தால், ஐரோப்பாவுக்கு அந்தப் பரிசோதனை நாயின் ஆயுள் முழுக்கச் செல்லும். அமெரிக்காவிலும் அப்படியே. ஆகவே வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் யோசனை லேசாக இருந்தாலும், ஆர்டர் வரும் வரை காத்திருக்காமல் இப்போதே சிப், ஊசி, டைட்டர் மூன்றையும் முடித்து வைத்துவிடுங்கள். போகாவிட்டால் கொஞ்சம் பணம்தான் நஷ்டம். ஆனால் பூஸ்டர் தேதியில் கவனம் சிதறக் கூடாது. ஒரு நாள் பிந்தினாலும் ஊசி, ரத்தம், காத்திருப்பு எல்லாம் மறுபடியும் முதலிலிருந்துதான்.

நாட்டுக்கு நாடு கண்ணி வேறு. பிரிட்டனுக்கு விமானத்தில் போகும் நாய், உதவி நாயாக இல்லாவிட்டால், கேபினிலோ லக்கேஜாகவோ போக முடியாது. கார்கோவாக மட்டுமே போகலாம். தரையிறங்குவதற்கு முந்தைய 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து, டாக்டர் அதை நேரத்தோடு சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும். சனிக்கிழமை கொடுத்தோமா ஞாயிற்றுக்கிழமை கொடுத்தோமா என்று அங்கே போய் யோசிக்க முடியாது.

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதிகளை இறுக்கிவிட்டது. முன்பு போய்வந்தவர்கள் சொல்வதைக் கேட்டு இப்போது கிளம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ஆறு மாதம் நிறையாத நாய்க்கு அனுமதி இல்லை. இந்தியா அவர்களுடைய அதிக ஆபத்துப் பட்டியலில் இருப்பதால், அரசு கால்நடை மருத்துவர் ஒப்பமிட்ட தடுப்பூசிப் படிவம் வேண்டும். அங்கீகரித்த விமான நிலையங்களில் மட்டுமே இறங்கலாம், அங்குள்ள பதிவுபெற்ற பராமரிப்பு மையத்தில் முன்பதிவும் இருக்க வேண்டும். டைட்டர் இல்லாவிட்டால் 28 நாள் உங்கள் செலவில் குவாரண்டைன்.

சிங்கப்பூருக்கு இந்திய நாய் போனால் குறைந்தது 30 நாள் குவாரண்டைன். அதைக்கூடத் தாங்கிவிடலாம். அங்குள்ள அரசு வீட்டுவசதி வாரியமான எச்.டி.பி.யின் அடுக்குமாடி வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிறு இனங்களில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது தெரியாமல் லாப்ரடாரோடு போய் நின்றால் என்ன செய்வது? வாடகை வீடு பார்க்கும்போதே இதைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேரடியாக நாயைக் கொண்டுபோகவே வழியில்லை. அவர்கள் ஏற்கும் வேறொரு நாட்டுக்கு முதலில் கொண்டுபோய், அந்த நாட்டின் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே யாருக்கும் சலுகை கிடையாது. 2015இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு குட்டி நாய்கள் தனி விமானத்தில் சொல்லாமல் போய் இறங்கியபோது, நாய்களைத் திருப்பி அனுப்புங்கள், இல்லாவிட்டால் கொல்லப்படும் என்று விவசாய அமைச்சர் பார்னபி ஜாய்ஸ் பகிரங்கமாகவே கெடு வைத்தார். நாய்கள் திரும்பிப் போயின. டெப்பின் அப்போதைய மனைவி ஆம்பர் ஹெர்ட் பொய்யான ஆவணம் கொடுத்ததை மறு ஆண்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. விதிக்குப் பொருந்தாமல் வரும் பிராணிக்கு ஐரோப்பிய விதியிலும் மூன்று வழிகள்தான் எழுதியிருக்கின்றன: திருப்பி அனுப்புவது, தனிமையில் அடைப்பது, இரண்டும் முடியாதபோது கொல்வது. செலவு உங்களுடையது.

நாயின் இனத்தையும் பாருங்கள். பிட்புல் வகை நாய்களுக்குப் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தடை. பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் அதை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் நினைப்பையே விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான்.

தாள்களைவிட எனக்கு அதிகம் பயம் தருவது பயணம்தான். பக், புல்டாக், ஷீ ட்ஸு, பாக்ஸர், பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்குப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். 2005 மே முதல் ஐந்து ஆண்டுகளில் அமெரிக்க விமான நிறுவனங்களின் பயணங்களில் இறந்ததாகப் பதிவான நாய்கள் 122. இனம் தெரிந்த நாய்களில் ஏறத்தாழ பாதி சப்பை மூக்கு இனங்கள். இங்கிலிஷ் புல்டாக் மட்டும் 25, பக் 11. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூக்கும் தொண்டையும் குறுகலான நாய்க்குப் பயமும் வெக்கையும் சேர்ந்தால் அந்த வழியும் அடைபடுகிறது. பல விமான நிறுவனங்கள் இந்த இனங்களை ஏற்பதே இல்லை. ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னாலும், சித்திரை வைகாசியில் சென்னையிலிருந்து ஒரு பக் நாயைக் கார்கோவில் அனுப்பாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். பிராணிகளை வைக்கும் அறையில் காற்றழுத்தமும் வெப்பமும் சீராகவே இருக்கும். ஆபத்து ஓடுதளத்தில், ஏற்றுவதற்கு முன் வெயிலில் நிற்கும் அந்த நேரத்தில் இருக்கிறது. இரவு விமானம், முடிந்தால் இடையில் மாறாத விமானம், இதுதான் நல்லது. விமானம் மாறும் ஊரிலும் பிராணிகளுக்குத் தனி விதி இருக்கலாம். அதையும் டிக்கெட்டுக்கு முன்பே கேளுங்கள்.

தூக்க மருந்து கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு தளரும், கூண்டு ஆடும்போது கால் ஊன்றி நிற்க முடியாது. மேலே அதைக் கவனிக்க ஆளே கிடையாது. மயக்கத்தில் இருக்கும் பிராணியை விமான நிறுவனங்கள் ஏற்பதும் இல்லை. அதற்குப் பதில் கூண்டைச் சில வாரம் முன்பே வாங்கி வீட்டுக் கூடத்தில் வையுங்கள். கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டை அதற்குள் போடுங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றை உள்ளே விரியுங்கள். தானாகப் போய்ப் படுக்கப் பழகிய நாய்தான் விமானத்திலும் தாங்கும். கூண்டு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ.வின் விதிப்படி இருக்க வேண்டும்: நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம், நாலு பக்கமும் காற்று வழி, மேலும் கீழும் இறுக்க உலோக போல்ட், வெளியிலிருந்தே நிரப்பக்கூடிய தண்ணீர்க் கிண்ணம். கூண்டு சிறியது என்று கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைக்காரர் சொல்லும் சைஸை நம்பாமல் டேப் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அவசரத்தில் இருப்பவர்களைத் தேடி வரும் ஆட்களும் உண்டு. “டைட்டர் பேப்பர் நாங்க பார்த்துக்கறோம் சார், பத்து நாள்ல ரெடி” என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களுக்குப் போலிச் சான்றிதழ் விற்கிறார் என்று அர்த்தம். அங்கே அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் சான்றில் உள்ள ஆய்வகத்தையே கேட்டுவிடுவார். மாட்டிக்கொள்வது ஏஜென்ட் அல்ல, கூண்டுக்குள் இருப்பது. நல்ல ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். சர்வதேச செல்லப்பிராணிப் போக்குவரத்துச் சங்கமான ஐபாட்டாவின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பரிசோதனை முடிவின் நகலை ஆய்வகத்திடமிருந்தே நேரடியாகக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழில் உள்ள சிப் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறினால் அது வேறொரு நாயின் சான்றிதழ்.

கிளம்பும் வாரத்தில் ஏ.க்யூ.சி.எஸ். எனப்படும் மத்திய அரசின் கால்நடை குவாரண்டைன் அலுவலகத்தில் ஏற்றுமதி நலச்சான்று வாங்க வேண்டும். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா போன்ற பெருநகரங்களில் இந்த அலுவலகங்கள் இருக்கின்றன. மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்கள் நாயோடு போக வேண்டிய தூரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஐரோப்பாவுக்கான சான்று கொடுத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் நுழைந்தாக வேண்டும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைக்கவும் முடியாது. பொங்கல், தீபாவளி விடுமுறை குறுக்கே வருகிறதா என்று பார்த்துத் தேதி குறியுங்கள்.

நாள் போதவில்லை, நாயை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போய், காலம் கனிந்ததும் யார் மூலமாவது வரவழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் பயணம் செய்யும் நாளுக்கு முன்போ பின்போ ஐந்து நாளுக்குள் நாய் வந்தால்தான் ஐரோப்பா அதைச் சொந்தப் பிராணியாக ஏற்கும். அதைத் தாண்டினால் வியாபாரச் சரக்குக்கான விதி பொருந்தும், அதற்குத் தாள்களும் வேறு. ஆகவே நீங்கள் முதலில் போங்கள். மூன்று மாதம் முடிந்ததும் லீவு போட்டு நீங்களே வந்து கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஒரு டிக்கெட் செலவை இப்போதே கம்பெனியிடம் பேசி வாங்கிவிடுங்கள். இதயக் கோளாறு உள்ள நாயும், தள்ளாத வயது நாயும் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும். அவற்றுக்குப் பழகிய முற்றம், பழகிய குரல், மாதா மாதம் நீங்கள் அனுப்பும் மருந்துச் செலவு, இவை போதும்.