மூன்று ஃபைனல்... மூன்று வெள்ளி... ஆனாலும் அவர்தான் நம்பர் ஒன்!

‘கைப்பந்து’ என்றதும் நம் ஊரில் பலருக்கும் வாலிபால்தான் ஞாபகத்துக்கு வரும். இது அதுவல்ல. அணிக்கு ஏழு பேர். 40 மீட்டர் நீள மைதானம். பந்தைக் கையால் தட்டி, பாஸ் கொடுத்து, வலைக்குள் எறிந்தால் கோல். பந்தோடு மூன்று அடிக்கு மேல் ஓடக் கூடாது, மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் கூடாது. இதுதான் ஹேண்ட்பால்!

இந்த விளையாட்டில் கடந்த நூற்றாண்டின் தலைசிறந்த ஆண் வீரர் என்று சர்வதேச ஹேண்ட்பால் கூட்டமைப்பு அறிவித்தது ஒரு ஸ்வீடன்காரரை. அவர் பெயர் மாக்னஸ் விஸ்லாண்டர்.

1964-ல் பிறந்தவர். கோதன்பர்க் நகரின் ரெட்பர்க்ஸ்லிட் கிளப்பில் ஆடி வளர்ந்தார். ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் ‘ஸ்லாங்கன்’. ஹோஸ் பைப் என்று அர்த்தம்!

1990-ல் ப்ராக் நகரில் நடந்த உலகக் கோப்பை ஃபைனலில், பலம் வாய்ந்த சோவியத் யூனியனை 27-23 என்று வீழ்த்தியது ஸ்வீடன். அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது விஸ்லாண்டருக்கு. ஜெர்மனியின் கீல் கிளப் அவரை அழைத்துக்கொண்டது. 12 ஆண்டுகள் அங்கேதான். ஏழு முறை ஜெர்மன் சாம்பியன்!

ஐந்தே கோல்கள்!

பயிற்சியாளர் பெங்ட் ஜொஹான்சனின் ஸ்வீடன் அணியை ‘பெங்கன் பாய்ஸ்’ என்று ஊரே கொண்டாடியது. 1994, 1998, 2000, 2002 என நான்கு ஐரோப்பியக் கோப்பைகள். 1999-ல் மீண்டும் உலகக் கோப்பை. எல்லாவற்றிலும் விஸ்லாண்டர் இருந்தார்.

ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைக்கு வரவே இல்லை.

1992 பார்சிலோனா ஃபைனலில் 20-22 என்று தோல்வி. 1996 அட்லாண்டாவில், லீக் சுற்றில் ஜெயித்த அதே குரோஷியாவிடம் ஃபைனலில் 26-27. ஒரே ஒரு கோல்! 2000 சிட்னியில் ரஷ்யாவிடம் 26-28. அந்த ரஷ்யாவைத்தான் முந்தைய ஆண்டு உலகக் கோப்பை ஃபைனலில் ஸ்வீடன் தோற்கடித்திருந்தது.

மூன்று ஃபைனலையும் சேர்த்துக் கூட்டினால் வித்தியாசம் வெறும் ஐந்து கோல்கள். கூடவே எட்டு வருடக் காத்திருப்பு. வேறு ஒருவராக இருந்தால் இரண்டாவது தோல்வியோடு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

இடம் மாறினார்... தடம் மாறவில்லை

விஸ்லாண்டர் வேறு வழி கண்டுபிடித்தார். ஆரம்பத்தில் அவர் ஆடியது நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தும் இடம். எல்லாப் பந்தும் அவர் கை வழியாகத்தான் போகும். பிற்காலத்தில் ‘பிவோட்’ இடத்துக்கு மாறினார். எதிரணித் தடுப்பாளர்களின் நடுவே, பெரும்பாலும் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இடியும் தள்ளலும் வாங்கி, சக வீரர்களுக்கு வழி திறந்துவிட வேண்டும். ராஜா நாற்காலியிலிருந்து இறங்கி மூட்டை சுமப்பது மாதிரி!

அந்த மாற்றம்தான் அவர் ஆயுளை நீட்டித்தது. 2002-ல் சொந்த நாட்டில், ஸ்டாக்ஹோமில் நடந்த ஐரோப்பிய ஃபைனல். கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தில் ஜெர்மனியை 33-31 என்று வென்றது ஸ்வீடன். 38 வயதை நெருங்கிக்கொண்டிருந்த விஸ்லாண்டரும் அந்த சாம்பியன் அணியில் இருந்தார்.

நாட்டுக்காக 384 ஆட்டங்கள், 1,185 கோல்கள். கீல் கிளப் அவர் அணிந்த 2-ம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது.

பரீட்சையில் ஒரு மார்க்கில் முதலிடம் போய்விட்டது என்று உங்கள் வீட்டில் யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால், இவர் கதையைச் சொல்லுங்கள். தங்கம் இல்லாமலும் ஒருவர் நூற்றாண்டின் நாயகன் ஆகலாம்!