மூங்கில் மக்கிப்போன பிறகு

பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் பத்து காஜாவின் பெயரிலேயே கல் இருக்கிறது. மலாய்மொழியில் ‘பத்து’ என்றால் கல். ஆதிமனிதனைத் தேடியவர்களும் கல்லைத்தான் நம்பினார்கள். லட்சம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் கல் மக்குவதில்லையே.

1863-இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இருபுறமும் செதுக்கிய கருவி. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைப்பது அதே வகைதான். கிழக்கே வர வர அது அருகிவிடுகிறது. 1938-இல் நம் பேராக்கின் கோத்தா தம்பானில் ஆய்வாளர் காலிங்ஸ் தோண்டி எடுத்தவை பெரும்பாலும் ஆற்றுக் கூழாங்கல்லின் ஒரு பக்கத்தை மட்டும் உடைத்த கருவிகள். 1940-களில் ஹார்வர்டு ஆய்வாளர் ஹாலம் மோவியஸ் இந்த வேறுபாட்டை வைத்து உலகப்படத்தில் ஒரு கோடு கிழித்தார். பல்லாவரம் அந்தப் பக்கம், பேராக் இந்தப் பக்கம். இந்தப் பக்கம் வளர்ச்சியில் தேங்கிப்போன ஒதுக்குப்புறம் என்றும் எழுதினார்.

கைக்கோடரி கிழக்கே குறைவு என்பது இன்றும் உண்மைதான். தென்சீனத்தின் போசே படுகையில் எட்டு லட்சம் ஆண்டுப் பழமையான கைக்கோடரிகள் கிடைத்தபோதும் கோடு முழுதாக அழியவில்லை. கருவியை எண்ணியவர் அந்தக் கணக்கிலேயே மனிதரின் அறிவையும் எடைபோட்டாரே, அதுதான் பெரும்பிழை. ஐரோப்பியர் தம் மண்ணில் முதலில் கண்ட கருவியே உலகத்துக்கெல்லாம் படிக்கல் ஆகிவிட்டது.

தராசில் ஏறாமல் போனது எது? ஒரு பச்சை மூங்கிலைப் பிளந்து பாருங்கள். சிலிக்கா படிந்த அதன் தோல் ஓரம் விரலைக் கிழித்துவிடும். மலாய்க்காரர்கள் இதைச் ‘செம்பிலு’ என்பார்கள். அவர்களுடைய மருத்துவச்சிகள் தொப்புள்கொடி அறுத்ததே இதைக்கொண்டுதான். கிழக்கில் மூங்கிலே கருவியாக இருந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொன்னார்கள். சாதாரணக் கல்லால் மூங்கில் கத்தி செய்து சோதித்தபோது இறைச்சி நன்றாகவே அறுபட்டது. ஆனால் அந்தக் காலத்து மூங்கில் கத்தி ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. நம் மழையில் மூங்கில் எத்தனை நாள் தாங்கும்? இந்த விளக்கம் மெய்யாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை இருப்பதாலேயே நான் இதை இரண்டு மடங்கு சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

எலும்புக்கும் இதே கதிதான். நம் அமில மண் அதைக் கரைத்துவிடும். பேராக்கின் லெங்கோங்கில் தொல்லியலாளர் சுராயினா மஜித் குழுவினர் கண்ட ‘பேராக் மனிதர்’ பத்தாயிரம் ஆண்டு தப்பிக் கிடந்தது சுண்ணாம்புக் குகையில் புதைத்ததால். பிறவியிலேயே இடக்கை குறைபட்டவர். கால்களை மடக்கிப் பரிவோடு அடக்கம் செய்திருக்கிறார்கள்.

1987-இல் அதே சுராயினா கோத்தா தம்பானை மறுபடி தோண்டினார். பட்டடைக் கல், சுத்தியல் கல், தெறித்த சில்லுகள், எல்லாம் விழுந்த இடத்திலேயே கிடந்தன; கூடவே தோபா எரிமலையின் சாம்பல். அந்தச் சாம்பலை வைத்துக் கணக்கிட்டால், 74,000 ஆண்டுகளுக்கு முன் இயங்கிய பட்டறை அது. அங்கே கல்லைக் கூர்தீட்டி எடுத்துப் போனவர் அதைக்கொண்டு எதைச் செதுக்கினார் என்பதற்கு மண்ணில் ஒன்றும் மிஞ்சவில்லை.